அடங்காத நாயும் பாஞ்சாலங்குறிச்சி முயலும்



எங்கள் வீட்டு முத்துவைப் பற்றி நான் எதை எழுதினாலும் என் பழைய மாணவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "சார், அந்த நாயை இன்னுமா வச்சிருக்கீங்க?" சொந்தக்காரர்கள் கேள்வி கேட்பதில்லை, நேராகத் தீர்ப்புக்குப் போய்விடுகிறார்கள். போன மாதம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் மைத்துனர் வாக்கெடுப்பே நடத்திவிட்டார். முத்துவை அனுப்பிவிட வேண்டும் என்று பதினொரு ஓட்டு, வேண்டாம் என்று இரண்டு ஓட்டு. அந்த இரண்டில் ஒன்று என்னுடையது. மற்றது என் பேரனுடையது. அவனுக்கு ஓட்டுப் போடும் வயது வரவில்லை என்று அதையும் செல்லாத ஓட்டு ஆக்கிவிட்டார்கள்.

முப்பத்தைந்து வருஷம் வரலாறு நடத்தியவன் நான். குற்றம் சாட்டப்பட்டவனின் பூர்வீகத்தை விசாரிக்காமல் தீர்ப்பு எழுதுவது எனக்குப் பழக்கமில்லை. அதனால்தான் இந்த நீண்ட பதிவு. பொறுமை இருப்பவர்கள் முழுதும் படியுங்கள். இல்லாதவர்கள், வகுப்பில் செய்த மாதிரியே, கடைசிப் பெஞ்சில் தூங்கலாம்.

முதலில் முத்துவின் மீதுள்ள புகார்கள். நான் எதையும் மறைக்கவில்லை.

ஒன்று, ஐந்தடிச் சுவரை ஒரே தாவலில் தாண்டுகிறான். இரண்டு, தாண்டியபின் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மூன்று, எது ஓடினாலும் துரத்துகிறான். ஆடு, பூனை, சைக்கிள், காற்றில் பறக்கும் பாலிதீன் பை என்று பேதம் கிடையாது. நான்கு, மீன் கொண்டுவரும் அக்காவின் கூடையை ஒருமுறை கவிழ்த்துவிட்டான். அன்று சாளை மீன் தெரு முழுக்கக் கிடந்தது. "சாரு, ஒங்க நாயி மீனத் திங்கக்கூட இல்ல, சும்மா தட்டிவிட்டுட்டுப் போவுது பாருங்க" என்பதுதான் அந்த அக்காவின் முக்கிய வருத்தம். தின்றிருந்தால் மன்னித்திருப்பார் போல. ஐந்து, என் செருப்பில் மூன்று ஜோடி. ஆறு, மாலை நடைக்குக் கூட்டிப்போகும்போது ஆட்டைப் பார்த்து ஒரு இழுப்பு இழுத்ததில் வீட்டம்மா கீழே விழப்போய், மின்கம்பத்தைப் பிடித்துத் தப்பித்தார். ஏற்கெனவே முழங்கால் வலி உள்ளவர். இந்த ஆறாவது புகார்தான் வாக்கெடுப்பு வரைக்கும் கொண்டுபோய்விட்டது. மற்ற ஐந்தையும் சிரித்துக் கடக்கலாம், இதை முடியாது. "தை பிறக்கிறதுக்குள்ள ஒரு முடிவு பண்ணுங்க" என்று வீட்டில் கெடு வைத்தாகிவிட்டது.

இனி விசாரணை.

முத்து சிப்பிப்பாறை நாய். நான் ஓய்வு பெற்றபின் தனியாக உட்கார்ந்திருப்பேன் என்று கவலைப்பட்டு, பழைய மாணவர் ஒருவர் குட்டியாகக் கொண்டுவந்து கொடுத்தார். 'சிப்பிப்பாறை' என்று பெயரைக் கேட்டதும் என் பேரன், "தாத்தா, இது கடலுக்குள்ள இருந்து வந்த நாயா?" என்றான். முத்துநகரத்துப் பிள்ளைக்கு வேறு எப்படித் தோன்றும்? நம் கடலுக்குள்ளே முத்துச்சிப்பி விளையும் இடங்களைப் 'பார்' என்றுதான் சொல்வோம். தொளாயிரம் பார் என்று ஒரு பெரிய பாரே இருக்கிறது. ஆனால் நாயின் சிப்பிப்பாறை கடலில் இல்லை. விருதுநகர் மாவட்டத்தில் கரிசல் காட்டு ஊர் அது. அங்கிருந்து கோவில்பட்டி, கழுகுமலை என்று நம் மாவட்டத்து வடக்கு ஓரம் வரை இந்த நாயின் ராஜ்ஜியம்தான். இதற்கு நெருங்கிய சொந்தமான கன்னி நாயும் இதே கரிசலின் பிள்ளை.

உருவத்தைப் பார்த்தாலே வேலை தெரியும். நீண்ட முகம், ஆழமான நெஞ்சு, ஒட்டிய வயிறு, மெல்லிய நீளக் கால்கள், சாட்டை மாதிரி வால். ஆழமான நெஞ்சு பெரிய நுரையீரலுக்கும் இதயத்துக்கும் இடம் கொடுக்கிறது. ஒட்டிய வயிறு உடம்பு வில்லாக வளைந்து நிமிர வசதி செய்கிறது. இந்த நாய் முழு வேகத்தில் ஓடும்போது ஒவ்வொரு பாய்ச்சலிலும் இரண்டு முறை நான்கு காலும் தரையில் படாமல் அந்தரத்தில் நிற்கும். இங்கிலாந்தின் கிரேஹவுண்டும் அரபு நாட்டு சலூக்கியும் கர்நாடகத்து முதோள் நாயும் இப்படித்தான் ஓடும்.

பெரும்பாலான நாய்கள் மூக்கால் தேடும். இந்த வகை நாய்கள் கண்ணால் வேட்டையாடும். மரம் செடி குறைந்த வெட்டவெளியில், தூரத்தில் ஒன்று அசைந்தால் போதும், கண் பிடித்துக்கொள்ளும், கால் கிளம்பிவிடும். கரிசல் காட்டில் முயல் கிளம்பி நான்கு திசையிலும் வெட்டி வெட்டி ஓடும்போது, நாய் எஜமான் உத்தரவுக்குக் காத்திருந்தால் முயல் புதருக்குள் போய்விடும். எஜமானோ வெகு தூரம் பின்னால், மூச்சு வாங்க ஓடி வந்துகொண்டிருப்பார். எப்போது திரும்புவது, எங்கே மறிப்பது என்று நாய்தான் தனியாக முடிவெடுக்க வேண்டும். அப்படித் தானே முடிவெடுத்த நாயின் குட்டியைத்தான் வளர்த்தார்கள். கூப்பிட்ட குரலுக்குப் பாதி ஓட்டத்தில் திரும்பி வந்த நாயை யாரும் வைத்துக்கொள்ளவில்லை.

இப்படித் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்து வளர்த்த குணத்தை, இரண்டாவது புகாரோடு பொருத்திப் பாருங்கள். 'கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை.' கரிசல் காட்டில் இது முதல் பரிசுக்குரிய குணம். தூத்துக்குடித் தெருவில் இது குற்றம்.

நாயையும் முயலையும் சேர்த்துப் பேசினால் நம் பக்கத்தில் பாஞ்சாலங்குறிச்சி ஞாபகத்துக்கு வந்தே தீரும். ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை வருஷா வருஷம் அங்கே கூட்டிப்போனது உங்களுக்கு நினைவிருக்கும். ஒட்டப்பிடாரம் பக்கம், 1974-இல் தமிழக அரசு கட்டிய நினைவுக்கோட்டை. அங்கே கோட்டை எழும்பிய கதையை மறந்திருக்க மாட்டீர்கள். கட்டபொம்மன் வம்சத்து முன்னோர் ஒருவர் வேட்டைக்குப் போகிறார். வேட்டை நாய்கள் ஒரு முயலைத் துரத்துகின்றன. ஓடிக்கொண்டிருந்த முயல் ஓரிடத்தில் சட்டென்று திரும்பி, நாய்களை எதிர்த்து விரட்டுகிறது. பயந்த முயலுக்கே வீரம் கொடுக்கிற மண் இது என்று, அந்த இடத்திலேயே கோட்டை கட்டினார்கள் என்பது கதை.

இதை நான் வகுப்பில் சொல்லும்போதெல்லாம் உங்கள் முகத்தில் ஒரு பெருமை தெரியும். நம்ம ஊர் மண் அல்லவா! இப்போது இதன் இன்னொரு பக்கத்தைச் சொல்கிறேன். இந்தக் கதை நமக்கு மட்டும் சொந்தமானது இல்லை. விஜயநகரம் எழும்பியதற்கும் இதே கதைதான். 1530-களில் அங்கே தங்கியிருந்த பெர்னாவோ நூனிஸ் என்ற போர்த்துகீசியர் இதை எழுதிவைத்திருக்கிறார். அரசர் வேட்டைக்குப் போனார், முயல் ஓடாமல் நாய்களின் மேல் பாய்ந்து கடித்தது, முனிவர் ஒருவர் அந்த இடத்தில் நகரம் கட்டச் சொன்னார் என்று. குஜராத்தில் அகமதாபாத்துக்கும் இதே கதை. 1411-இல் சுல்தான் அகமது ஷா நாயை விரட்டும் முயலைக் கண்டுதான் சபர்மதிக் கரையில் நகரம் அமைத்தார் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள்.

கட்டபொம்மன் குடும்பம் தெலுங்கு பேசியது. விஜயநகர ஆட்சியும் அதன்பின் நாயக்கர் ஆட்சியும் தெற்கே பரவிய காலத்தில் இங்கே வந்து பாளையம் அமைத்தவர்களின் வழி அது. ஊர் விட்டு ஊர் வருகிறவர்கள் சாமியையும் சமையலையும் கொண்டுவருவது போலக் கதையையும் கொண்டுவருவார்கள். புது இடத்தில் ஆட்சி செய்ய உரிமை உண்டு என்று சொல்ல இப்படி ஒரு கதை தேவைப்பட்டது. மண்ணே எங்களைத் தேர்ந்தெடுத்தது என்று சொல்லிவிட்டால் யாரும் மறுத்துப் பேச முடியாது.

இந்த மூன்று கதையிலும் அரசருக்குக் கோட்டை கிடைத்தது. முயலுக்குப் பெயர் கிடைத்தது. நாய்க்கு என்ன கிடைத்தது? அவமானம்தான். பாதி வேட்டையில் திரும்பி ஓடிவந்த அந்த நாய்களை அன்று ராத்திரி என்ன செய்தார்கள் என்று எந்தக் கதையும் சொல்லவில்லை. தன் வேலையைச் செய்யாத நாய்கள் மூன்று தலைநகரங்களுக்கு அஸ்திவாரம் போட்டிருக்கின்றன என்று நான் என் மைத்துனருக்கு எழுதினேன். அவர் சிரிக்கிற பொம்மை ஒன்றைப் பதிலாகப் போட்டார், ஓட்டை மாற்றவில்லை.

தமிழ் ஆசிரியர்கள் கோபித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு இலக்கணச் செய்தி. தொல்காப்பியத்தின் மரபியல், எந்த மிருகத்தின் இளையதை என்ன பெயரால் அழைக்க வேண்டும் என்று பட்டியல் போடுகிறது. 'குருளை' என்ற பெயருக்கு உரிய நான்கு மிருகங்களாக அது சேர்த்துச் சொல்வது நாய், பன்றி, புலி, முயல். துரத்துவதற்கும் துரத்தப்படுவதற்கும் குட்டியில் ஒரே பெயர் கொடுத்திருக்கிறார்கள் நம் முன்னோர்கள். நம் துறைமுகத்துப் பக்கத்தில் இருக்கும் தீவுக்கும் முயல் தீவு என்றுதான் பெயர். முத்துவை நான் அந்தப் பக்கம் கூட்டிப்போவதில்லை, பெயரைக் கேட்டாலே சங்கிலியை அறுத்துவிடுவான்.

சரி, அந்த வேட்டை வாழ்க்கை எப்படி முடிந்தது? 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி, இடித்த கோட்டையைச் சில நாட்களில் மீண்டும் எழுப்பினார். அந்த மே மாதம் கோட்டை விழுந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஆங்கிலேய அரசு பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்தது. பாளையக்காரர்கள் போய் ஜமீன்தார்கள் வந்தார்கள். கோட்டையும் ஈட்டியும் போனபின்னும் நாய் மிஞ்சியது. ஜமீன்களிலும் சம்சாரி வீடுகளிலும் காட்டு வேட்டை தொடர்ந்தது. வெள்ளைக்கார துரைமார்களோ நம் நாயைச் சீண்டவில்லை. நீலகிரியில் இங்கிலாந்திலிருந்து வரவழைத்த ஃபாக்ஸ்ஹவுண்ட் நாய்களை வைத்து, அங்கே இல்லாத செந்நரிக்குப் பதில் நம் ஊர் நரியைத் துரத்தினார்கள்.

பிறகு 1972-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதுவும் அதன் பின் வந்த திருத்தங்களும் சேர்ந்து முயல் வேட்டையைக் குற்றமாக்கின. அந்தச் சட்டம் சரியானது, தேவையானது. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஒரு விளைவு உண்டு. பல நூறு ஆண்டு ஒரே ஒரு வேலைக்காகச் செதுக்கிய நாய்க்கு அந்த வேலை இல்லாமல் போயிற்று. ஆலை மூடியபின் தொழிலாளி நிற்பது போல நாய் நின்றது. நம் ஊரிலும் முத்துக்குளிப்பு 1961-க்குப் பிறகு நடக்கவில்லை. மூச்சடக்கி மூழ்குவதையே தொழிலாகக் கொண்ட குடும்பங்கள் அதன்பின் சங்குக்கும் மீனுக்கும் போனார்கள். மனிதனுக்கு வேறு தொழில் கற்றுக்கொள்ள முடியும். நாய்க்கு ரத்தத்தில் ஊறியது எளிதில் இறங்காது.

வேலை போனபின் புகழ் வந்தது. 2005-இல் இந்திய அஞ்சல்துறை நாய்களுக்கு நான்கு தபால்தலை வெளியிட்டபோது நம் ராஜபாளையம் அதில் ஒன்று. சென்னை சைதாப்பேட்டையில் அரசே நாட்டு நாய் இனங்களை வளர்க்கும் பிரிவு நடத்தியது. 2018-இல் வந்த 'பரியேறும் பெருமாள்' படத்தில் கறுப்பி என்ற வேட்டை நாய் தண்டவாளத்தில் கட்டப்பட்டுச் சாவதைப் பார்த்து ஊரே அழுதது. அதை எடுத்த மாரி செல்வராஜ் நம் மாவட்டத்துப் புளியங்குளத்துக்காரர். 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லி, நாட்டு நாயை வளர்க்கச் சொன்னார். நல்ல விஷயம்தான். ஆனால் பெருமைக்காக வாங்கி இரண்டு அறை உள்ள மாடி வீட்டில் கட்டிப்போட்டால், அந்த நாய் சோபாவைக் கிழிக்காமல் வேறு என்ன செய்யும்?

இதற்கு நம் கடற்கரையிலேயே எழுநூறு ஆண்டு பழைய சாட்சி ஒன்று இருக்கிறது.

பதிமூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் மார்கோ போலோ நம் பக்கம் வந்தார். முத்துக்குளிப்பைப் பற்றி அவர் எழுதியதைப் பாடத்தில் படித்திருக்கிறீர்கள். சுறாமீனைக் கட்டிவைக்க மந்திரம் சொல்கிறவருக்கு இருபதில் ஒரு பங்கு முத்து என்பது கூட அதில் உண்டு. பாடத்தில் இல்லாதது குதிரைக் கதை. அவர் சொல்லும் காயல் துறைமுகம், திருச்செந்தூர் சாலையில் இன்றுள்ள பழையகாயல் என்று கால்டுவெல் அடையாளம் காட்டினார். ஹோர்முஸ், ஏடன் பக்கமிருந்து அரபுக் குதிரைகள் அங்கேதான் கப்பலில் வந்து இறங்கின. பாண்டிய அரசர் ஆண்டுக்கு இரண்டாயிரம் குதிரைக்கு மேல் வாங்கினார், அவருடைய சகோதரர்களும் அப்படியே வாங்கினார்கள், ஆண்டு முடிவில் நூறு கூட மிஞ்சாது என்கிறார் மார்கோ போலோ.

ஏன் செத்தன? காரணத்தையும் அவரே சொல்கிறார். இங்கே குதிரையைப் பராமரிக்கத் தெரிந்தவர் இல்லை. புல்லும் கொள்ளும் தின்ன வேண்டிய மிருகத்துக்குச் சோற்றோடு இறைச்சியை வேகவைத்துக் கொடுத்தார்கள். லாடம் அடிக்கவும் வைத்தியம் பார்க்கவும் தெரிந்த ஆட்களை வணிகர்கள் வேண்டுமென்றே கப்பலில் ஏற்றவில்லை. குதிரை செத்தால்தானே அடுத்த வருஷம் வியாபாரம்!

பாண்டிய அரசர் கஞ்சத்தனம் செய்யவில்லை. தங்கத்தையும் முத்தையும் அள்ளிக் கொடுத்தார், உயர்ந்த உணவு என்று தான் நினைத்ததையே குதிரைக்குக் கொடுத்தார். குதிரைக்கு என்ன தேவை என்று அதன் நாட்டுக்காரனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் ஏற்பாடுதான் இல்லை. வருஷா வருஷம் 'இந்தக் குதிரைகளே இப்படித்தான்' என்று லாயத்தில் யாராவது சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும். இன்று "இந்த நாயே இப்படித்தான்" என்று நம் வீடுகளில் கேட்கும்போதெல்லாம் எனக்குக் காயல் துறைமுகம்தான் நினைவுக்கு வருகிறது.

இனி முத்துவின் வழக்குக்கு வருகிறேன். குடும்பக் குழுவில் மூன்று யோசனைகள் வந்தன. மூன்றையும் பரிசீலித்தேன்.

முதல் யோசனை, இருபத்துநாலு மணி நேரமும் சங்கிலியில் கட்டிப்போடுவது. 1960-இல் வந்த மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில், பதினோராவது பிரிவில், நாய்க்கென்றே ஒரு வாசகம் இருக்கிறது. வழக்கமாகக் கட்டிப்போட்டோ அடைத்தோ வைத்திருக்கும் நாய்க்குப் போதுமான ஓட்டமும் நடையும் கொடுக்காமல் விடுவது குற்றம் என்று அது சொல்கிறது. அறுபது வருஷத்துக்கும் மேலாக இருக்கிற சட்டம். தெரு முழுக்கக் கட்டிப்போட்ட நாய்கள் குரைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தால், அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

இரண்டாவது யோசனை, "காரில் ஏற்றிக்கொண்டுபோய்த் தருவைகுளத்துக்கு அந்தப் பக்கம் எங்காவது விட்டுவிடலாம்." அதே சட்டத்தின் அதே பிரிவில், வளர்த்த மிருகத்தைப் பட்டினியில் வாடும்படி கைவிடுவதும் குற்றம். சட்டம் இருக்கட்டும். வட்டில் வைத்த கையைத் தேடித் தெருத்தெருவாக அலையும் நாயை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் எங்கள் தெருமுனையில் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு கார் நிற்கும்போதும் எழுந்து ஓடும்.

மூன்றாவது யோசனை கொஞ்சம் ஆசை காட்டியது. கோவில்பட்டிப் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் தூரத்து உறவினர் ஒருவர் பேசினார். "பெரியப்பா, எங்கிட்ட குடுங்க. கரிசல்ல ஓடட்டும். ராத்திரி ரெண்டு மொயலு அடிச்சா அதும் சந்தோசமா இருக்கும், நாமளும் சந்தோசமா இருப்போம்." முத்துவின் உடம்பு எதற்காக உண்டானதோ அந்த வாழ்க்கையே கிடைக்கிறது. ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன். ஆனால் முயல் வேட்டை குற்றம் என்று மேலே நானே எழுதியிருக்கிறேன். மாட்டினால் அபராதமும் சிறையும் அந்தப் பையனுக்கு. மாட்டாவிட்டாலும், பாஞ்சாலங்குறிச்சி முயலைப் பற்றிப் பெருமையாகப் பாடம் நடத்திவிட்டு, அதன் பேரப்பிள்ளையைச் சட்டிக்கு அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. "தோட்டம் சரி, வேட்டை வேண்டாம்" என்றேன். "அப்பறம் எதுக்கு பெரியப்பா சிப்பிப்பாறை?" என்றார். நியாயமான கேள்வி. அந்தக் கேள்வியை நாய் வாங்கும்போதே எல்லாரும் கேட்டுக்கொண்டால் இந்தப் பதிவே தேவையில்லை.

என் மனைவியின் பயம் நியாயமானது என்பதையும் சொல்லவேண்டும். பக்கத்து வீட்டுக் குழந்தைகளின் பயமும் அப்படியே. நாய்க்காக வாதாடுகிறவர்கள் இந்தப் பயத்தைக் கேலி செய்யக் கூடாது. இந்த நாட்டில் வெறிநாய்க்கடிக்குத் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளைப் பறிகொடுத்திருக்கிறார்கள். 1902-இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலப் பெண்மணி வெறிநோயில் இறந்தார். அப்போது தடுப்பூசி போடும் நிலையம் வடக்கே இமயமலை அடிவாரத்துக் கசௌலியில் மட்டும்தான் இருந்தது. அந்தச் சாவுக்குப் பிறகு தெற்கிலும் ஒன்று வேண்டும் என்ற குரல் எழுந்து, 1907-இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனம் தொடங்கியது. அதற்கு முன் இந்தப் பக்கத்து ஏழைகள் கசௌலிக்கு எப்படிப் போயிருக்க முடியும்? முத்துவுக்கு வருஷம் தவறாமல் ஊசி போட்டு, அட்டையை வாசல் அலமாரியிலேயே வைத்திருக்கிறேன். கேட்கிறவர்களுக்கு எடுத்துக் காட்டுவேன். அவன் இதுவரை யாரையும் கடித்ததில்லை. ஆனாலும், 'எங்க நாய் கடிக்காது' என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்க எந்த நாய்க்காரருக்கும் உரிமை கிடையாது.

அதனால் நான் எடுத்த முடிவு இதுதான். முத்து எங்கள் வீட்டில்தான் இருப்பான், ஆனால் சில நிபந்தனைகளோடு.

உப்பு வியாபாரம் செய்யும் பழைய மாணவர் ஒருவருக்கு ஊருக்கு வெளியே சுற்றுச்சுவர் கட்டிய காலி இடம் இருக்கிறது. காலை ஐந்தரைக்கு முத்துவை அங்கே கொண்டுபோய் அவிழ்த்துவிடுகிறேன். ஒரு நீளக் கயிற்றின் நுனியில் பழைய துணியைக் கட்டி நான் சுற்றுவேன், அவன் அதைத் துரத்துவான். துணிதான் முயல், நான்தான் பாளையக்காரர். பதினைந்து நிமிடத்தில் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு படுத்துவிடுகிறான். இந்த வகை நாய்க்கு நாள் முழுக்க ஓட்டம் தேவையில்லை. ஒரு முறை மனம்விட்டு ஓடினால் மீதி நேரமெல்லாம் பூனையைவிட அதிகமாகத் தூங்கும். வீட்டுச் சுவரின் மேல் இரண்டடி வலை கட்டியாகிவிட்டது. தெருவில் கழுத்துப்பட்டைக்குப் பதில் நெஞ்சுப்பட்டை, அதுவும் என் கையில் மட்டும். வீட்டம்மா அவனை வெளியே கூட்டிப்போக வேண்டியதில்லை. மீன்கார அக்கா வரும் நேரத்தில் அவன் பின்கட்டில் இருப்பான். கவிழ்ந்த மீனுக்குக் காசு அன்றைக்கே கொடுத்தாகிவிட்டது.

ஆறு வாரம் ஆகிறது. செருப்புச் சேதம் நின்றுவிட்டது. சுவர் தாண்டல் இல்லை. கூப்பிட்டால் நான்கு முறைக்கு ஒரு முறை வருகிறான். என் வகுப்பில் சிலரைவிட இது பரவாயில்லை, பெயர் சொல்ல மாட்டேன். இந்த இனத்து நாய்க்கு நிதானம் வர இரண்டு வயதாவது ஆகும், அதற்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது. முத்துக்குளிப்பு நடந்த காலத்திலும் எல்லா வருஷமும் பாரில் இறங்கிவிட மாட்டார்கள். சிப்பியை எடுத்துச் சோதித்துப் பார்த்து, முதிரவில்லை என்றால் அடுத்த பருவம் வரை விட்டுவைப்பார்கள். அந்த ஊர்க்காரனுக்கு நாலு மாதம் பெரிதில்லை.

என் பொறுமையை இந்த நாய் சோதிக்கிறது என்று எல்லோரும் சொல்கிறீர்கள். நாலடியாரில் நட்பைப் பற்றி வரும் ஒரு பாட்டின் கருத்தைச் சொல்கிறேன். யானை, நெடுநாள் பழகிய பாகனையே கொன்றுவிடும். நாயோ, எஜமான் எறிந்த வேல் உடம்பில் தைத்திருக்கும்போதே அவனைப் பார்த்து வாலை ஆட்டும். அந்தப் பாட்டில் பொறுமை யாருடையது என்று பாருங்கள். வேலை எறிந்தவன் பொறுமைசாலி என்று அது சொல்லவில்லை.

நாட்டு நாய் வாங்கப் போகிறேன் என்று போனில் கேட்கும் மாணவர்களுக்கு மூன்று கேள்விகள். இந்த நாயை உண்டாக்கியவர்கள் எந்த வேலைக்காக உண்டாக்கினார்கள்? அந்த வேலைக்குப் பதிலாகத் தினமும் நான் என்ன கொடுக்கப் போகிறேன்? என்னால் முடியாத நாளில் யார் கொடுப்பார்? மூன்றுக்கும் பதில் இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் தெருவில் பிறந்த சாதாரணக் குட்டி ஒன்றை எடுத்து வளருங்கள். அதற்கு நம் தெருவே பூர்வீகம், நம்மோடு வாழ அதற்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

கடைசியாக வீட்டுப்பாடம். கரிசல் பக்கத்துப் பெரியவர்கள் வேட்டை நாயை நிறத்தை வைத்தே விதவிதமான பெயர் சொல்லி அழைத்தார்கள். செவலை, கருமறை, செம்மறை, சந்தனப்பிள்ளை என்று எனக்குச் சிலதான் தெரியும். உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டியிடம் கேட்டு, கிடைக்கும் பெயர்களையும் அது என்ன நிறம் என்பதையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் தொகுத்து வைக்கிறேன்.

மைத்துனருக்குத் தனியாக ஒரு வரி. தை பிறந்ததும் மறுபடி வாக்கெடுப்பு நடத்துங்கள். வீட்டம்மாவின் ஓட்டு இப்போது எந்தப் பக்கம் என்று நான் சொல்ல மாட்டேன், நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாறு வாத்தியார்,
தூத்துக்குடி